ஐந்து ராத்தல் தேயிலையும் எட்டு மட்டைகளும்

மச்சான்,

இன்று காலையில் மருமகளைத் திட்டிவிட்டேன். ஒன்றுமில்லாத விஷயம்தான். தேயிலை டப்பாவின் மூடியைத் திறந்தபடியே வைத்திருந்தாள். தலவாக்கலையில் நாலு நாளாக விடாத மழை. டப்பாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன், நனைந்த சாக்கு வாடை அடித்தது. "ஈரம் குடிச்ச தேயிலைய மனுசன் குடிப்பானா? ஒனக்கெல்லாம் யாரு வீட்ட நம்பிக் குடுத்தா?" என்று வீடே அதிரக் கத்தினேன். பாவம், அவள் டப்பாவை வாங்கி மூடிவிட்டு உள்ளே போனாள். "மாமாவுக்கு இன்னைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அடுப்படியில் என் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது.

அவள் சொன்னது சரி. அந்த வாடை மூக்கில் ஏறினதும் உன் முகம் வந்து முன்னால் நின்றுவிட்டது. திட்ட வேண்டியது அவளை இல்லை. யாரைத் திட்ட வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருஷம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ படிக்கப்போவதில்லை. நீ உயிரோடு இருந்தபோதும் நான் எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பாய், "இதென்ன பெட்டிக்காரா, கோழி கிளறினாப்ல இருக்கு" என்று.

பெட்டிக்காரன். நீ எனக்கு வைத்த பெயர் அது. நுவரெலியாவுக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிப்பதுதான் என் வேலை. பலகையைப் பூட்டி, உள்ளே ஈயத்தாளை ஒட்டி, ஈரம் ஒரு பொட்டுகூடப் புகாதபடி அடைத்து அனுப்ப வேண்டும். நீ டவுனில் கோல்ப் மைதானத்தில் கேடி. துரைமார்களின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குழிக்குக் குழி அவர்கள் பின்னால் நடப்பாய். பஸ் நிற்கும் இடத்தில் முஸ்லிம் நானா ஒருவரின் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள் நாம். யார் எந்தத் துரையைக் கேலி செய்தாலும் நீ எழுந்து நின்று அந்தத் துரை பந்தடிக்கிற மாதிரியே இடுப்பை ஆட்டிக் காட்டுவாய். நானா கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்ப்பார்.

மைதானத்தில் மட்டைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பிப் போன வருஷம் அது. பட்டறை பூட்டிக் கிடந்தது. உடைந்த மட்டைகளைச் சும்மா நேரத்தில் நீதான் ஒட்டுப்போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய். கோல்ப் கிளப்பின் செகரட்டரித் துரை அதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, புதுசாக எட்டு இரும்பு மட்டை ஒரு செட்டாகச் செய்து காட்டு, நன்றாக இருந்தால் பட்டறை உனக்கு என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நீ நானா கடைக்கு ஓடிவந்த வேகத்தில் செருப்பு ஒன்றைக் காணோம்.

"பட்டறைக்குப் பின்னால ஒரு வீடு இருக்கு, பாத்திருக்கியா? பலகைத் தரை மச்சான். பொகை போக்கி இருக்கு. ஒட்டு வீடு இல்ல, தனி வீடு!"

எனக்குப் புரிந்தது. நீ வேலைக்குச் சந்தோஷப்படவில்லை, அந்த வீட்டுக்குத்தான். உன் பெண்டாட்டிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, இளைப்பு. வரிசை வீடுகளான லயத்தில் உங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவர் வருஷம் முழுக்க நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஈர விறகுப் புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். மழைக்காலத்தில் அவள் படுக்க மாட்டாள். சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். டாக்டர் ஒரே வரியில் சொல்லியிருந்தார், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள் என்று. எங்கே வைப்பது? நாமோ பிரஜாவுரிமை இல்லாத ஜனம். தோட்டத்து வேலையில் பெயர் இருக்கிறவரைக்கும் லயம், உங்களுக்கு அது தங்கச்சியின் பெயரில்; பெயர் போனால் ரோடு. அப்படி இருக்கையில் அந்த எட்டு மட்டைகள் உனக்கு எத்தனை பெரிய விஷயம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மட்டையின் தலையைப் பற்றி உனக்குக் கவலை இல்லை, அது வார்ப்பு. தண்டுதான் பிரச்சினை. நானா கடையில் எனக்கு விளக்கினாய். உன் குடையை எடுத்துக் காற்றில் வீசி வீசிக் காட்டி, பக்கத்தில் இருந்தவர் தேநீரைக் கொட்டியது ஞாபகம் இருக்கிறது.

"தண்டு இரும்புதான். ஆனாலும் வீசுறப்ப வளையுது மச்சான். கண்ணுக்குத் தெரியாது. வளைஞ்சு நிமிர்றப்ப சரியா பந்தத் தொடணும். ஒண்ணு மெதுவா நிமிருது, ஒண்ணு வெறச்சுக்கிட்டு நிக்குதுன்னா அடிக்கிறவன் என்ன பண்ணுவான்? எட்டு மட்டையும் ஒரே மாதிரி வளையணும். அதுதான் செட்டு."

"அத எப்படி அளப்ப?"

"அந்த வெள்ளக்காரன் ஒரு சாமான் வச்சிருந்தான். போறப்ப கையோட கொண்டுபோயிட்டான். தண்டுல ஒட்டியிருந்த சீட்டெல்லாம் ஈரத்துல உரிஞ்சு போச்சு. எது வெறப்பு, எது மெது, ஒண்ணும் தெரியல. கையால வளச்சுப் பாக்குறேன்."

கை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி அடிக்கிறவன் நான். அரை அங்குலம் பிசகினால் மூடி உட்காராது. "கையால அளந்து எவனாச்சும் செட்டு செய்வானா? நம்ம கொட்டிலுக்குக் கொண்டா, நான் அளந்து தர்றேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். யாரும் கேட்காமலேயே சொன்னேன்.

பெட்டி அடிக்கும் கொட்டில் பேக்டரிக் கட்டடத்துக்குப் பின்னால் தனியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆள் வராது. நீ தண்டுகளைச் சாக்கில் சுற்றி, தேயிலை மலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் தூக்கிவருவாய். நான் ஒரு பெட்டிப் பலகையைச் சுவரில் அறைந்து, கால் அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பென்சிலால் இழுத்து வைத்திருந்தேன். தண்டின் பிடிப்பக்கத்தைத் துணி சுற்றி வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் இறுக்குவது. நுனியில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு கனம். தண்டு தொங்கும். ஆட்டம் நின்றதும் நுனி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான் வேலை. எனக்கு அப்போது இருந்த பெருமையைக் கேட்காதே.

அந்தக் கனம் எது என்பதில்தான் நமக்குள் முதல் சண்டை.

"ஒரு கல்லக் கட்டித் தொங்கவிடு, போதும்" என்றாய்.

"கல்லா? அது எத்தன ராத்தல்னு யாருக்குத் தெரியும்?"

"எத்தன இருந்தா என்ன? எல்லாத் தண்டுக்கும் அதே கல்லுதானே?"

நீ சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் எனக்குக் கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். சரியாக ஐந்து ராத்தல் வேண்டும். படிக்கற்கள் எல்லாம் பேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயாவின் பூட்டுக்குள் இருந்தன. முள் காட்டுகிற வில் தராசு மட்டும் வெளியே இருந்தது. என்ன செய்தேன்? கூட்டித் தள்ளின தூசித் தேயிலையை ஒரு துணிப்பையில் போட்டு, தராசில் வைத்து, ஒரு சிட்டிகை கூட்டி ஒரு சிட்டிகை குறைத்து, அச்சாக ஐந்து ராத்தலுக்குக் கட்டினேன். கொண்டுவந்து கொட்டிலின் விட்டத்தில் ஆணியடித்து மாட்டினேன். உனக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏய், இது தேயில! மாட்டுனா என்ன ஆகும் தெரியும்ல?"

தெரியாதா? மடியில் ஒரு பிடி தேயிலை இருந்தாலே பத்துச்சீட்டுக் கொடுத்து நீக்கிவிடுவார்கள். வேலையும் போய், மறுநாளே லயத்தையும் காலி செய்ய வேண்டும். ஐந்து ராத்தலைப் பையில் கட்டி விட்டத்தில் ஒளித்து வைத்தவன், அதை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் வைத்தான் என்று எவனும் சொல்வான். என் வீட்டிலும் மூன்று பிள்ளைகள். ஆனாலும் எனக்கு அப்போது அந்தப் பயம் தட்டவில்லை. "குப்பத் தேயிலய எவன் தேடப்போறான்? நீ தண்ட மாட்டு" என்றேன்.

முதல் கட்டுத் தண்டுகளை மாசி மாதத்தில் அளந்தோம். நல்ல வெயில். விடியற்காலையில் புல்லில் உறைபனி, பத்து மணிக்குமேல் கண்ணைக் கூசும் வெளிச்சம். பழைய சரக்கில் இருந்த தண்டுகளில் நாலு மட்டும் பதினோராம் கோட்டில் வந்து நின்றன. மற்றதெல்லாம் முன்னே பின்னே. நாலு போதாது, எட்டு வேண்டும். சீமையிலிருந்து அடுத்த கட்டு கப்பலில் வந்து சேர்ந்தது ஆனி மாதத்தில். அப்போது மலையே தெரியாது. நாள் முழுக்க மூடுபனியும் தூறலும். கொட்டிலின் கூரைக்கும் சுவருக்கும் இடையில் பனி புகுந்து, ரம்பம்கூட ஒரே வாரத்தில் துருப்பிடித்துப்போகும். பை அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மாட்டினேன். திரும்ப நிறுக்க வேண்டும் என்று எனக்கு மண்டையில் உறைக்கவே இல்லை. ஏற்கனவே நிறுத்ததுதானே!

இரண்டாவது தண்டை நீ கையில் வளைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"மச்சான், பலக பதினொன்னுங்குது. ஆனா கைக்கு வெறப்பா இருக்கே."

"குளிர்ல ஒங் கை வெறச்சிருக்கு."

"இல்ல, நெசமாத்தான். மாசியில எடுத்த தண்டத் தொட்டுப் பாரு, இதத் தொட்டுப் பாரு."

"ஒங் கை பொய் சொல்லும். பலக சொல்லாது. நீ எத்தன வருசம் பை சுமந்தா என்ன, அளவுன்னா அளவுதான்!"

சுருக்கென்று சொல்லிவிட்டேன். நாலு தண்டைப் பொறுக்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனாய். உன் கை சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஈரம் குடித்துப் பை கனத்திருந்ததால், விறைப்பான தண்டும் மெதுவானதைப் போல வளைந்து பதினோராம் கோட்டில் வந்து நின்றிருக்கிறது. ஈரம் புகாமல் தேயிலைக்குப் பெட்டி அடித்தே சோறு தின்றவன் நான். திறந்த துணிப்பையில் தேயிலையை நாலு மாதம் பனியில் தொங்கவிட்டவனும் நான். இதை வெளியே சொன்னால் எங்கள் பேக்டரியில் இலை பரத்துகிற பொம்பளைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மட்டைகளை நீ செய்து முடித்ததை நினைத்தால் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தலையைப் பொருத்தி, கழுத்தில் நூல் சுற்றி அரக்குப் பூசி, பிடிக்குத் தோல் பட்டை சுற்றி எட்டையும் வரிசையாகச் சுவரில் சாத்தி வைத்தாய். தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, "கோயில் வேல் மாதிரி இருக்குங்கண்ணே" என்றாள். அன்றைக்கு அவளுக்கு மூச்சு கொஞ்சம் சுமாராக இருந்தது. புது வீட்டில் எந்தப் பக்கம் அடுப்பு, எந்தப் பக்கம் படுக்கை என்று நீங்கள் இரண்டு பேரும் தரையில் கரியால் கோடு போட்டுப் பார்த்தீர்கள். நானும் உட்கார்ந்து யோசனை சொன்னேன்.

சோதனை நாளன்று எனக்கு லீவு இல்லை. வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்து, மைதானத்து வேலிக்கு வெளியே சைப்ரஸ் மரத்தடியில் நின்றுகொண்டேன். பட்டிப்பொல பக்கமிருந்து ஒரு தோட்டத் துரை வந்திருந்தார், நன்றாக ஆடுகிறவர் என்று பெயர். முதல் மட்டை. பந்து நேராகப் போய்ப் குழி இருக்கிற பச்சைப் புல்திட்டின் நடுவில் விழுந்தது. செகரட்டரித் துரை தலையை ஆட்டினார். இரண்டாவதும் நேர். மூன்றாவதை எடுத்தார். பந்து தாழ்ந்து வலதுபக்கம் ஓடி மரத்துக்குள் போய்விட்டது. திரும்ப அடித்தார். திரும்பவும் வலது. அடுத்த மட்டை நேர். அதற்கடுத்தது வலது. துரை மட்டையை மாற்றி மாற்றி எடுத்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்றைப் புல்லில் வீசினார்.

"இது ஒரு செட்டு இல்லே. ரெண்டு செட்டு!" அவர் தமிழில் சொன்னது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

செகரட்டரித் துரை உன் பக்கம் திரும்பினார். "நீ எப்படி அளந்தது?"

நீ வேலிப் பக்கம் பார்க்கவே இல்லை. "கையால தொர. வளச்சுப் பாத்துக் கைக்கணக்குல எடுத்தேன்."

"பலகை, கல்லு, ஒண்ணும் இல்லே?"

"இல்லீங்க தொர. எங் கை தப்பாப் போச்சு."

ஐயோ, மச்சான். தப்பாகாத ஒரே சாமான் உன் கைதானே! நான் முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகையைச் சொன்னால் கொட்டில் வரும், கொட்டிலைச் சொன்னால் பை வரும், பை வந்தால் தேயிலை வரும், தேயிலை வந்தால் என் மூன்று பிள்ளைகள் ரோட்டில் நிற்கும். நீ அதற்காகத்தான் மறைக்கிறாய் என்று அங்கேயே புரிந்தது. ஆனால் ஏன் அளவு பிசகியது என்று அப்போது எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

"கைக்கணக்கு வேலைக்கு ஆகாது" என்றார் செகரட்டரித் துரை. கெட்டவர் இல்லை, அவர் குரலில் வருத்தம் இருந்தது. மட்டைகளை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். அந்த வீட்டில் அவர் குடியேறினார்.

அன்று சாயங்காலம் நான் நேராகக் கொட்டிலுக்குப் போனேன். பையை ஆணியிலிருந்து எடுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. தராசில் வைத்தேன். ஐந்து ராத்தலோடு கிட்டத்தட்ட இன்னொரு அரை ராத்தல். பையைத் திறந்தேன். நனைந்த சாக்கு வாடை. பேக்டரி அடுப்பு வாய்க்குக் கொண்டுபோய்ப் பையோடு நெருப்பில் போட்டேன். அது உடனே பிடிக்கவில்லை, நெடுநேரம் புகைந்தது. உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த நிமிஷமே ஓடிவந்திருக்கலாம். போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மிச்சத் தண்டுகளை எடுக்க நீ வந்தாய். விட்டத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாய். நான் தலை நிமிராமல் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். பை எங்கே என்று கேட்டால் எலி கடித்துவிட்டது என்று சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். நீ கேட்கவில்லை. "வேல முடிஞ்சா வா, நானா கடையில டீ குடிப்போம்" என்றாய். வந்தேன். குடித்தேன்.

அப்புறம் நாலு வருஷம். நீ பழையபடி பை சுமந்தாய். நான் பெட்டி அடித்தேன். ஒவ்வொரு மழைக்கும் தங்கச்சியின் இளைப்பு உங்கள் காம்பராவிலிருந்து வெளியே கேட்கும். நான் உடைந்த பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி, உங்கள் பின்சுவர் முழுக்க அறைந்து கொடுத்தேன். பழைய ஈயத்தாளைக்கூட உள்ளே ஒட்டினேன். என் வீட்டுக்காரி கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தனுப்புவாள். ஒருநாள் நான் ஏணியில் நின்று பலகை அடித்துக்கொண்டிருக்கையில் கீழே இருந்து கேட்டாய்.

"ஏன் மச்சான் இப்பிடி ஓடி ஓடிச் செய்ற?"

"ஏன், செய்யக்கூடாதா?"

"செய்யி செய்யி. கேட்டேன், அவ்வளவுதான்."

வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டிருந்தேன். துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். இன்னொரு ஆணியை எடுத்து அடித்தேன்.

திங்கட்கிழமைகளில் கேடிகள் மைதானத்தில் ஆடலாம் என்று ஒரு வழக்கம் வந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா லீவு ஒரு திங்களில் வந்தது, நான் உன்னோடு நடந்தேன். அந்த எட்டு மட்டைகளைத்தான் நீ பையில் வைத்திருந்தாய். நீ அடிப்பதைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. துரைமார்களைக் கேலி செய்ய இடுப்பை ஆட்டுகிறவனா இவன் என்று வாயைப் பிளந்துவிட்டேன். எல்லாப் பந்தும் நேராகப் போயின. எப்படிப் போகும்? அந்தச் செட்டில்தான் பாதி வலதுபக்கம் ஓடுமே! கிட்டே போய்ப் பார்த்தேன். நாலு மட்டைகளின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அந்த நாலில் ஒன்றை எடுக்கும்போதெல்லாம் நீ காலை அழுத்தி ஊன்றி, கூடுதல் வேகமாக வீசினாய்.

"இது என்ன நூலு?" என்றேன்.

"இதுங்களா? மழைக்காலத்துப் புள்ளைங்க. வெறச்சுக்கிட்டு நிக்கும், கொஞ்சம் அதட்டி வீசணும்."

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஒனக்குத் தெரியுமா?"

"பந்து ஓடுன நாலும் ஆனி மாசத்துத் தண்டு. பலக மாறல, வைஸ் மாறல. மாறக்கூடியது தேயிலப் பை ஒண்ணுதானே. மறுநா வந்து பாத்தேன். ஆணி மட்டும் இருந்துச்சு."

ஆணி மட்டும் இருந்துச்சு. அதாவது, எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருஷம்! எனக்கு வந்ததே ஒரு கோபம். தப்புச் செய்தவன் நான், கோபமும் எனக்குத்தான். "தெரிஞ்சும் ஏண்டா கேக்கல? நாலு வருசமா சோறு எறங்காம செத்துக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? சட்டயப் புடிச்சு அடிச்சிருக்கலாம்ல?"

நீ புல்லைக் கிள்ளிக்கொண்டே சொன்னாய்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன் மச்சான்."

உன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் போன இரண்டு கேடிகள் நின்று பார்த்தார்கள். நீ அவர்களைக் கையசைத்துப் போகச் சொன்னாய்.

அழுகையோடு அழுகையாக எனக்கு வீரம் வந்தது. "நாளைக்கே செகரட்டரித் தொரகிட்டப் போறேன். ஒங் கை சரியாத்தான் சொல்லுச்சு, தப்பு என் பையிலன்னு சொல்றேன். அந்தக் கொழும்பு ஆளு அடுத்த மாசம் போறானாமே? பட்டறய ஒனக்கே குடுப்பாரு. தங்கச்சிய அந்த வீட்டுல கொண்டுபோய் வைப்போம். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்!"

நிஜமாகத்தான் சொன்னேன், மச்சான். சொன்ன நேரத்துக்கு நிஜம். கொழும்புக்காரர் போகப்போவதும் நிஜம். நான் வாயைத் திறந்திருந்தால் தங்கச்சிக்கு அந்தப் பலகைத் தரை கிடைத்திருக்கும். செகரட்டரித் துரை நியாயம் தெரிந்தவர், உன் கை சரியென்று என் வாயால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

நீ என் தோளில் கைவைத்து, "போகாத மச்சான். ஒனக்குப் புள்ளைங்க..." என்று ஆரம்பித்தாய்.

"சரி" என்றேன்.

நீ அந்தப் பேச்சை முடிக்கக்கூட இல்லை. அதற்குள் சொல்லிவிட்டேன். நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். அப்புறம் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அடுத்த குழிக்குப் போவோம் வா" என்றாய்.

அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம்தான் நீ இருந்தாய். காய்ச்சலில் போனாய், பத்து நாளில். உன்னைத் தூக்கிக்கொண்டு போகையில் தங்கச்சி அழ முடியாமல் மூச்சுக்குத் திணறிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு வரைக்கும் அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. என் பிள்ளைகள் லயத்திலேயே வளர்ந்து, படித்து, நல்லபடி இருக்கிறார்கள். என்னைக் கேட்பவர்களிடம் எல்லாம் உன்னைப் போல ஒரு மனிதன் பிறந்ததில்லை என்றுதான் சொல்லி வருகிறேன். அதைச் சொல்வது சுலபம்.

தேயிலை ஈரம் குடித்தது என் முட்டாள்தனம். பையை எரித்தது என் பயம். இரண்டையும் நீ மன்னித்துவிட்டாய், எனக்குத் தெரியும். நீ என்னைப் போகாதே என்று சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பார், குளிருக்குக் கம்பளி போர்த்தின மாதிரி, அதை நீ என் முகத்தில் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் எழுந்தாய். நீ மன்னித்ததில் அது சேர்த்தியா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. இத்தனை வருஷமாக நான் சுமப்பது அந்த ஒரு "சரி"யைத்தான், மச்சான்.